தஜ்ஜாலுக்குப் பிடியாணை கிடையாது

நமது கவிஞர்களுக்கு ஒரு சொல் மலிவு விலையில் கிடைத்திருக்கிறது. காஸாவில் குண்டு விழுந்தால் தஜ்ஜால். வட்டிக்கடை தஜ்ஜால். கைத்தொலைபேசி தஜ்ஜால். போதாக்குறைக்கு அடுத்த ஜமாஅத்தின் மௌலவி ‘சின்னத் தஜ்ஜால்’. புதுக்கடையில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் இந்த வகைக் கவிதைகளையே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள். பேச எழுந்த ஒருவர், முஸ்லிம் எழுத்தாளனின் பேனா இனித் தஜ்ஜாலுக்கு எதிரான வாளாக வேண்டும் என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்கு இதில் மறுப்பு உண்டு. வெளியீட்டு விழாவில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடக்கூடிய மறுப்பல்ல அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைசிக் காலத்தில் தஜ்ஜால் வருவான் என்ற ஹதீஸ்களை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அத்தஹிய்யாத்தில் அவனுடைய ஃபித்னாவிலிருந்து பாதுகாவல் தேடுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால், இன்று நமது துண்டுப்பிரசுரங்களிலும் கவிதைகளிலும் உலாவுகிற தஜ்ஜால் அந்த ஹதீஸ்களிலிருந்து வந்தவனா? இல்லை என்கிறேன். பெரும்பாலும் அவன் அமெரிக்காவின் சுவிசேஷப் பிரசங்க மேடைகளிலிருந்து கெய்ரோ வழியாக நமது கடைத்தெருவுக்கு வந்திறங்கியவன். எதிரியைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, எதிரி என்று நாம் நினைப்பவர்களின் சரக்கையே தூக்கிச் சுமக்கிறோம்.

கிறிஸ்தவ வேதத்தில் இந்தச் சொல்லின் இடம் மிகச் சிறியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிறிஸ்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. அந்திக்கிறிஸ்து என்ற சொல் யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டுமே வருகிறது. மிருகமும் 666 என்ற இலக்கமும் வருகின்ற வெளிப்படுத்தல் நூலில் அந்தச் சொல்லே இல்லை. நிருபத்தை எழுதியவர் அங்கே தூரதேசத்து அரசன் எவனையும் சுட்டவில்லை. இப்போதே பல அந்திக்கிறிஸ்துகள் தோன்றியிருக்கிறார்கள் என்கிறார். அவர்கள் நம்மிடமிருந்து புறப்பட்டவர்கள்தாம் என்கிறார். அதாவது எதிரி தன் சபையின் வாசலுக்கு உள்ளேயிருந்து வந்தவன்.

இங்கே ஒரு சிறு மொழிப் பாடம்; ஆசிரியத் தொழிலின் பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘அந்திக்கிறிஸ்து’ என்று வாசிக்கிறவர்கள் அந்தியை மாலைப்பொழுதோடு சேர்த்து, உலகத்தின் அந்திக் காலத்தில் வருபவன் என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். அழகான தவறு. அது கிரேக்கச் சொல். ‘எதிராக’ என்ற பொருளும் உண்டு. ‘இடத்தில்’, ‘பதிலாக’ என்ற பொருளும் உண்டு. கத்தோலிக்கர் ‘எதிர்க்கிறிஸ்து’ என்று முதற்பொருளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அச்சம் தருவது இரண்டாவது பொருள். எதிரே நின்று வாள் வீசுகிறவனை அடையாளம் காண்பது எளிது. மஸீஹின் கதிரையில் மஸீஹைப் போலவே உட்கார்ந்திருப்பவனை யார் அடையாளம் காண்பது? நமது சொல்லும் அந்தப் பக்கமாகத்தான் நிற்கிறது. அவனும் ‘மஸீஹ்’ என்றே அழைக்கப்படுகிறான், அல்மஸீஹ் அத்தஜ்ஜால் என்று. சுரியானி மொழி இன்ஜீலில் பொய் மஸீஹ்களைக் குறிக்க வருவதும் இதே ‘தஜ்ஜால்’ வேர்ச்சொல்தான். பொய்யன், பூசி மறைப்பவன் என்பது அதன் கருத்து.

இவ்வளவு எச்சரிக்கையோடு தொடங்கிய சொல் பின்னால் என்ன பாடுபட்டது என்று பாருங்கள். டமஸ்கஸில் உமையாக்களின் ஆட்சிக்குக் கீழ் வாழ்ந்த யோவான் என்ற கிறிஸ்தவ அறிஞர், எட்டாம் நூற்றாண்டில், இஸ்லாத்தை அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்று எழுதினார். 1213இல் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தபோது 666 என்ற இலக்கத்தை எடுத்துக்கொண்டு, அது இஸ்லாத்தின் ஆயுட்கால ஆண்டுக் கணக்கு, அதில் ஏறக்குறைய அறுநூறு கழிந்துவிட்டது என்றார். அந்தக் கணக்கு பிழைத்துப்போய் ஏழு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1520இல் மார்ட்டின் லூதர் அதே கத்தியைத் திருப்பிப் பிடித்தார். பாப்பரசரே அந்திக்கிறிஸ்து என்றார். ஒரே சொல் முந்நூறு வருட இடைவெளியில் பாப்பரசரின் கையிலும் இருந்தது, பாப்பரசரின் கழுத்திலும் விழுந்தது.

666க்கு அறிஞர்கள் பலர் தரும் விளக்கம், நீரோ என்ற ரோம மன்னனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதி இலக்கக் கணக்குப் பார்த்தால் அந்தத் தொகை வரும் என்பது. சில பழைய பிரதிகளில் அது 616 என்றே இருக்கிறது. பெயரை இலத்தீன் உச்சரிப்பில் எழுதினால் ஓர் எழுத்துக் குறைந்து அந்தத் தொகை வந்துவிடும். அப்ஜத் கணக்கில் 786 எழுதிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. கொஞ்சம் பொறுமையும் ஒரு பென்சிலும் இருந்தால் எவருடைய பெயரிலிருந்தும் எந்த இலக்கத்தையும் பிழிந்தெடுக்கலாம் என்பதும் நமக்குப் புதிதல்ல.

இதெல்லாம் ஐரோப்பிய விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். புதுக்கடையில் நின்றுகொண்டு அப்படிக் கேட்க முடியாது. இந்த இடத்துக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹல்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பு முற்றுகையில் மடிந்த ஹல்ஃப்ட் என்ற அவர்களுடைய தளபதியின் பெயரால் வந்தது. பாப்பரசரே அந்திக்கிறிஸ்து என்பது அந்நாளைய சீர்திருத்தச் சபைகளில் சாதாரணமாகச் சொல்லித் தரப்பட்ட பாடம். கொழும்பைப் பிடித்த இரண்டே வருடத்தில், 1658இல், கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று பிரகடனம் செய்தார்கள். போர்த்துக்கேயர் மீதிருந்த பகையும் கறுவா வியாபாரமும்தாம் இதற்கு முதற்காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரப் பகைக்கு மார்க்க உடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தது அந்தப் பாடம். 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப் போல வேடமிட்டு இந்த நாட்டுக்குள் வர வேண்டியிருந்தது அதனாலேதான். அதே மனிதரை 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்துப் புனிதராக அறிவித்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் வாய்மொழி வரலாறும் ஒல்லாந்தருக்கு ஒளிந்து திரிந்த ஒரு குருவிடமிருந்தே தொடங்குகிறது. ஒல்லாந்தரின் வுல்வெண்டால் கோயிலோ, 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது, இன்றும் மேட்டில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே நடக்கிற தூரம்தான்.

ஒளிந்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் அதே தெருக்கள் பார்த்திருக்கின்றன. 1862இல் கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்த பிரசார சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத்தைப் பேய் வழிபாடு என்று மிஷனரிகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதைத் திருப்பி அடித்தார். 1873 ஓகஸ்டில் பாணந்துறை விவாதத்தில், யெகோவாவுக்குத்தான் பேயின் இயல்புகள் இருக்கின்றன என்று அவர்களுடைய வேதத்தை எடுத்துக்காட்டியே வாதாடினார். பத்து வருடங்கள் கழித்து, 1883 மார்ச் 25, அவருடைய தீபதுத்தாராம விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலம் ஒன்றைக் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கர் தாக்கினார்கள். தங்களுடைய புனிதங்களை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் வருகின்றன என்ற வதந்திதான் கையில் தடி எடுக்கச் செய்தது. உயிர் போனது. அன்று உயிர்த்த ஞாயிறு.

உயிர்த்த ஞாயிறு, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்று எழுதும்போது வாசகருக்கு 1883 நினைவு வராது. 2019 ஏப்ரல் 21 நினைவு வரும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னர், இன்று ‘ஆவிக்குரிய யுத்தம்’ என்று கிறிஸ்தவ சபைகள் சிலவற்றில் வழங்கும் போதனையைப் பற்றி. அதன் மூலமாகக் காட்டப்படுவது பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம். அதைத் திறந்து பார்த்தால், நமது போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு அல்ல என்று முதலிலேயே ஒரு வேலி போட்டிருக்கிறது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனாலும் 1990களில் அமெரிக்காவில் பீற்றர் வாக்னர் போன்றவர்கள், ஒவ்வோர் ஊருக்கும் நாட்டுக்கும் பொறுப்பான துர்ஆவிகள் இருக்கின்றன, அவற்றை இனங்கண்டு வரைபடம் போட்டு ஜெபத்தால் தாக்க வேண்டும் என்று போதித்தார்கள். லூயிஸ் புஷ் என்பவர் வட அகலக்கோடு 10 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்ட தேசங்களைச் ‘சாளரம்’ என்று பெயரிட்டுக் குறித்தார். முஸ்லிம், இந்து, பௌத்த நாடுகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். வகுப்பறை அட்லஸில் பார்த்தேன். நமது பருத்தித்துறைகூடப் பத்துப் பாகைக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. மயிரிழையில் தப்பியிருக்கிறோம்.

வேடிக்கையை விடுவோம். வேலி எங்கே உடைகிறது என்பதுதான் கேள்வி. எந்த ஆவிக்கு எதிராகவும் ஜெபிப்பது அவரவர் உரிமை. அந்த ஆவிக்கு ஒரு முகவரி கொடுக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. முகவரி எப்போதும் அயல்வீட்டு முகவரியாகவே இருக்கிறது. 1970களில் குடாகம என்ற கத்தோலிக்கத் திருத்தலத்துக்குப் பேய் பிடித்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். அதை ஆராய்ந்து ஸ்டிரட் என்ற மானிடவியலாளர் 1992இல் வெளியிட்ட நூலின்படி, அங்கே அலறிய பேய்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட பெயர்களில் காளியும் சூனியமும் இருந்தன. அதாவது பக்கத்து வீட்டார் விளக்கேற்றி வணங்கும் தெய்வங்கள். ஒருவனுடைய கும்பிடு இன்னொருவனுடைய பேய். ‘யுத்தம்’ என்ற சொல்லை உள்ளே இருப்பவர் உவமையாகச் சொல்லலாம். மதிலுக்கு அப்பால் நிற்பவன் அதை உவமையாகக் கேட்பதில்லை. 2003 டிசம்பரில் சோம தேரர் ரஷ்யாவில் காலமானபோது, அதற்குக் கிறிஸ்தவச் சதியே காரணம் என்று கதை பரவி நத்தார் காலத்தில் ஆலயங்கள் தாக்கப்பட்டன. அடுத்த வருடம் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தது.

நாம் யோக்கியர்களா? என் பாடசாலையில் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. முதலில் ஜின் என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பிரம்பாலும் தட்டினார்கள். பயன் இல்லாமற்போகவே, சுகமளிக்கும் கூட்டம் ஒன்று டவுனில் நடக்கிறதென்று யாரோ சொல்ல, வாப்பாவும் உம்மாவும் ஒருவருக்கும் தெரியாமல் அங்கேயும் கொண்டுபோனார்கள். அங்கே ஜின்னுக்குப் பதிலாகப் பிசாசு. அது பிள்ளையின் தலைமுறையில், அதாவது நமது மார்க்கத்தில், இருந்து வந்ததாம். இரண்டு இடத்திலும் பிள்ளையின் உடம்பு யாரோ இருவர் சண்டை பிடிக்கும் போர்க்களம். எட்டு மாதம் போயிற்று. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் குளிசைதான் கடைசியில் அவளை மறுபடி வகுப்புக்கு அனுப்பியது. எட்டு மாதப் பாடத்தை எந்த யுத்தத்தின் சேதக் கணக்கில் எழுதுவது?

சரி, நமது துண்டுப்பிரசுரத் தஜ்ஜாலின் வம்சாவளிக்கு வருவோம். 1970இல் ஹால் லின்ட்சே என்ற அமெரிக்கர் உலக முடிவு பற்றி ஒரு நூல் எழுதினார்; அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நூல்களில் அது ஒன்று. அதன் கதைச் சுருக்கம்: 1948இல் இஸ்ரேல் உருவானதோடு கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, அந்திக்கிறிஸ்து வருவான், பெரும் போர் நடக்கும், எல்லாம் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. இந்தக் கதையில் பலஸ்தீனருக்கு மேடை இல்லை. அவர்கள் வழிவிட வேண்டிய தடை. 1987இல் கெய்ரோவில் ஸயீத் அய்யூப் தஜ்ஜால் பற்றி அரபியில் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்தவ உலக முடிவுப் பிரசுரங்களின் சட்டகத்தை அப்படியே எடுத்து, பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி நிரப்பியது அது. ஹதீஸ் நூல்கள் அந்தச் சட்டகத்தில் துணைப்பாத்திரம்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர், முஹம்மத் ஈஸா தாவூத், தஜ்ஜாலை பெர்முடா முக்கோணத்தில் குடியேற்றினார். அமெரிக்க டொலர்த் தாளில் உள்ள ஒற்றைக்கண், பொருட்களில் அச்சிட்ட பட்டைக்கோடு, 2021இல் தடுப்பூசி என்று அந்த மேடைகள் எதைக் கண்டு பயந்தனவோ அதைக் கண்டு நாமும் பயந்தோம். அந்தக் கண் அமெரிக்க முத்திரையில் 1782இலேயே வந்துவிட்டது, டொலர்த் தாளில் 1935இல்தான் ஏறியது. அவசரமில்லாத தஜ்ஜால்.

இதிலுள்ள கேவலத்தை நமது கவிஞர்கள் கவனிக்க வேண்டும். காஸாவை அழிப்பதற்கு ஆசீர்வாதம் வழங்கும் கதை எதுவோ, அதன் அரபுப் பிரதியின் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு காஸாவுக்காக நாம் கண்ணீர்க் கவிதை எழுதுகிறோம். அந்தக் கதையிலும் எல்லாம் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. நமது கவிதையிலும் அப்படியே. அங்கே பலஸ்தீனன் தடை. இங்கே அவன் அடையாளச் சின்னம். இரண்டிலும் அவனுடைய வீட்டு இலக்கமோ, ஒலிவ் மரங்களின் எண்ணிக்கையோ கிடையாது.

இனி மதீனாவுக்குப் போவோம். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம், நமது பயான்களில் அதிகம் கேட்காதது. மதீனாவில் யூதக் குடும்பத்தில் இப்னு ஸய்யாத் என்றொரு சிறுவன் இருந்தான். வினோதமாகப் பேசுவான். அவன்தான் தஜ்ஜாலோ என்ற சந்தேகம் ஸஹாபாக்களிடம் பரவியிருந்தது. நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று அவனோடு பேசினார்கள். அவன் கொடுத்த பதில்கள் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. உமர் (ரலி) அவர்கள் அவனுடைய கழுத்தை வெட்ட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. இவன் அவனாகவே இருந்தால் உம்மால் இவனை வெல்ல முடியாது. அவனாக இல்லாவிட்டால் இவனைக் கொல்வதில் உமக்கு எந்த நன்மையும் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் கருத்து.

இரண்டு கதவும் மூடப்பட்டுவிட்டதை யோசித்துப் பாருங்கள். தஜ்ஜால் என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லி அவர் மீது கை வைப்பதற்கு எந்த வழியும் மிச்சமில்லை. உண்மையான தஜ்ஜாலை முடிப்பது ஈஸா (அலை) அவர்களுடைய பொறுப்பு. உமருக்கே அந்த வேலை கொடுக்கப்படவில்லை. நமக்கு எங்கிருந்து கிடைத்தது?

கதை அத்தோடு முடியவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்தான், இஸ்லாத்தில் இருந்தான், பிள்ளை பெற்றான். பிற்காலத்தில் மக்கா போகும் வழியில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களோடு பயணம் செய்கிறான். மனமுடைந்து முறையிடுகிறான். தஜ்ஜாலுக்குப் பிள்ளை இராது என்கிறார்கள், எனக்கு இருக்கிறது. அவன் மக்காவுக்குள்ளும் மதீனாவுக்குள்ளும் நுழைய மாட்டான் என்கிறார்கள், நான் மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சனங்கள் பேசுகிற பேச்சில், ஒரு கயிற்றை எடுத்து மரத்தில் கட்டித் தொங்கிவிடலாமா என்று இருக்கிறது என்கிறான். முஸ்லிமில் உள்ள அறிவிப்பு இது. அவனைப் பற்றிய பிற அறிவிப்புகள் அவனைச் சந்தேகத்திலேயே விட்டுவைக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தக் கயிற்றை ஹதீஸ் தொகுத்த இமாம் நீக்கவில்லை. ஒரு பட்டப்பெயர் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ‘சின்னத் தஜ்ஜால்’ என்று மேடையில் பேசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் அந்தப் பாடத்தை ஒருதரம் வாசிக்கட்டும்.

நமக்குள் இந்தப் பட்டம் சூட்டும் தொழில் என்ன செய்தது என்பதற்குக் காத்தான்குடி சாட்சி. 1979இல் அங்குள்ள ஒரு சூபி மௌலவியையும் அவரைப் பின்பற்றியவர்களையும் முர்தத் என்று ஃபத்வா வந்தது. 2004 ஒக்டோபரில் அவர்களுடைய வீடுகள் எரிந்தன. 2017 மார்ச்சில் அதே மக்கள் மீது வாளோடு வந்த கூட்டத்தின் தலைவர் ஸஹ்ரான். அவர் தேவாலயத்தில் தொடங்கவில்லை. பக்கத்துத் தெருவில் தொடங்கினார். யோவானின் நிருபம் சொன்ன வாசல் இதுதான். அவர் பைஅத் செய்துகொண்ட ஐ.எஸ். இயக்கமோ, இறுதிக் காலப் போர் பற்றிய ஹதீஸில் வரும் தாபிக் என்ற ஊரின் பெயரைத் தன் சஞ்சிகைக்கு வைத்திருந்தது. தான் இறுதிக் காலத்தில் நிற்கிறேன், எதிரே நிற்பது மனிதரல்ல என்று நம்பியவனுக்கு, கொச்சிக்கடையில் முழந்தாளிட்டிருந்த தாயும் மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் நின்ற பிள்ளையும் கண்ணில் படவில்லை. 2019 ஏப்ரல் 21இல் 260க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு என்பது கொழும்பில் யாருக்கும் தெரிந்ததுதான். முக்காடு போட்ட நமது உம்மாக்களும் அதில் இருந்தார்கள். ஷிர்க் என்று கண்டித்தோம். கண்டிப்பது வேறு விடயம்.

அந்தக் குண்டுகளுக்குப் பின்னர் இந்த நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் ஒரு பழைய சொல் தயாராக இருந்தது. யோவான் டமஸ்கஸில் எழுதியதை, மூன்றாம் இன்னொசென்ட் எழுதியதை மறுபடி எடுத்திருக்கலாம். கர்தினால் மெல்கம் ரஞ்சித் அதை எடுக்கவில்லை. 2019 மே மாதம் நீர்கொழும்பில் கைகலப்பு வந்தபோது அவர் அங்கே போய் முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்றே கேட்டார். பிறகு அவர் பேசியதெல்லாம் யாருக்கு முன்கூட்டியே தெரியும், எந்த அதிகாரி எந்தக் கடிதத்தை எந்தத் திகதியில் பெற்றார், அறிக்கையின் மிச்சப் பாகம் எங்கே என்பன. 2021 மார்ச் 7இல் கத்தோலிக்கர் கறுப்புடுத்து ஆலயங்களுக்குச் சென்றது சாத்தானுக்கு எதிராக அல்ல, விசாரணைக்காக. அவருடைய கூற்றுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கேள்விகளை மனிதர்களிடம் கேட்டார். மே மாதத்தில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் நமது கடைகளை எரித்தவர்கள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்கு நாம் அனைவரும் ஒரே முகம் கொண்ட ஒரே பேய்.

கேள்விகளை மனிதரிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பதில் புதுக்கடையிலேயே கிடைத்தது. கொழும்பில் வழக்கென்றால் புதுக்கடை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அங்கிருந்து தீர்ப்பளித்தார்கள். 2019 ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தும் கடமையைச் செய்யவில்லை என்பதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். பொலிஸ் மாஅதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்தவரும் தலா 7½ கோடி. பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 5 கோடி. யார் எதைச் செய்யாமல் விட்டார் என்று ஒவ்வொருவராக எடுத்து விலை போட்டிருக்கிறார்கள். உயிருக்கு அது விலையாகாது, சரி. ஆனால் குண்டு வைத்தவனைச் சைத்தான் என்று சொல்லிக் கோப்பை மூடியிருந்தால் இந்தப் பெயர்களில் ஒன்றாவது வெளியே வந்திருக்குமா? சைத்தான் செய்த வேலைக்குப் பொலிஸ் மாஅதிபர் என்ன செய்வார்? இன்னொன்று: ஸஹ்ரானைப் பிடிக்க 2019க்கு முன்னரே பிடியாணை இருந்தது. மனிதன் என்றபடியால் இருந்தது. நிறைவேற்றியிருந்தால் அந்த ஞாயிறு வேறு ஞாயிறாக இருந்திருக்கக் கூடும்.

காஸாவுக்கும் இதே சட்டம். 2024 நவம்பர் 21இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் கலன்டுக்கும் பிடியாணை பிறப்பித்தது. பட்டினியைப் போர் ஆயுதமாக்கியது அதில் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதற்கு மாதக்கணக்காக எத்தனை பேர் சாட்சியம் சேர்த்திருப்பார்கள், எத்தனை வாகன இலக்கங்கள், எத்தனை மா மூடைகளின் கணக்கு. அந்த மனிதனைத் தஜ்ஜால் என்று எழுதும் நமது கவிஞன், தன் கவிதையின் பத்து வரிகளில் அவனை விடுதலை செய்துவிடுகிறான். தஜ்ஜால் தன் இயல்பைச் செய்கிறான், அவனுக்கு வேறு வழி ஏது? நாம் செய்ய வேண்டியதும் ஏதுமில்லை, ஈஸா (அலை) இறங்கும் வரை காத்திருப்பதைத் தவிர. இந்தக் கவிதையை வாசித்து அதிகம் மகிழக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் அவர் நெதன்யாகுவின் சட்டத்தரணியாகத்தான் இருப்பார்.

‘கவிதையில் உவமை இருக்கக் கூடாதா, மாஸ்டர்?’ என்று கேட்பார்கள். தாராளமாக இருக்கட்டும். உவமை ஒரு பொருளைக் கிட்டக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இந்தச் சொல் எதைக் கிட்டக் கொண்டுவருகிறது? எல்லாவற்றையும் கியாமத்து நாள் வரை தள்ளி வைக்கிறது. கடிந்து எழுதுங்கள், கோபமாக எழுதுங்கள். அவன் பெயர், பதவி, திகதி, செய்த காரியம் இவற்றோடு எழுதுங்கள்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பாக 25 பேருக்கு எதிராக 23,270 குற்றச்சாட்டுகளோடு தொடரப்பட்ட வழக்கு, 2021 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் எடுக்கப்பட்டது. அந்தக் கூண்டில் நின்றவர்கள் நமது ஊர்ப் பெயர்களைக் கொண்டவர்கள். அவர்களில் யார் குற்றவாளி, யார் வெறுமனே மச்சான் முறைக்காக அகப்பட்டவன் என்று நமக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு முக்கியம்! புதுக்கடையில் விழா நடந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த நீதிமன்றம். அங்கே பின் வாங்கில் ஒரு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிய முஸ்லிம் எழுத்தாளரின் ஒரு பக்கத்தை நான் நமது சஞ்சிகை எதிலும் இதுவரை வாசித்ததில்லை. யாரிடமாவது இருந்தால் ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். தஜ்ஜால் கவிதைகளில் இரண்டைக் குறைத்தால் அடுத்த இதழில் அதற்கு இடம் கிடைக்கும்.